மாத்தாளுக்குப் போன இடம்

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். "கம்பெனில இருக்கறாளுங்க" என்பார். அடுத்த கேள்வி வருவதற்குள், கேட்டவரின் மகளுக்குப் பேறுகாலம் எப்போது என்றோ, புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்ததா என்றோ பேச்சைத் திருப்பிவிடுவார். நான் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பேன். அந்தக் கம்பெனியில் எனக்குச் சம்பளம் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அதை மறைக்கும் வேலையை அவர் தாமாக ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்கும் சம்பளம் இல்லை.

கேரளத்துச் சித்தூரில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அதில் சேர்ந்தேன். எங்கள் ஊர் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் இருக்கிறது. வீட்டிலும் காட்டிலும் தமிழ். கிருஷி பவன் என்ற அரசு வேளாண் அலுவலகத்திலிருந்து வரும் அறிவிப்புகள் மலையாளம். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், காப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சான்று, தென்னைக்கு வந்திருக்கும் நோய், எல்லாமே அப்படித்தான் வரும். என் அப்பாவின் வயதில் இருப்பவர்கள் மலையாளத்தில் தடையின்றிப் பேசுவார்கள். எழுத்தைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார்கள். எலப்புள்ளிக்காரர் ஒருவர் கஞ்சிக்கோட்டில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, இந்த அறிவிப்புகளைத் தமிழில் பேசிப் பதிந்து விவசாயிகளின் போனுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியிருந்தார். எங்கள் துறைக்கு வந்து, எழுதித்தர ஆள் வேண்டும் என்றார். இப்போதைக்குச் சம்பளம் தர முடியாது, கம்பெனி நிலைத்து நின்றால் பங்கு உண்டு என்றும் சொன்னார். வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூட மெதுவாகவே குரல் கொடுக்கும் நான், அன்று கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்பதை அன்றே சரியாக எழுதி வைத்திருந்தால் பின்னால் உதவியிருக்கும்.

நாங்கள் நான்கு பேர். எலப்புள்ளிக்காரர், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு செயலியை உருவாக்கித் தந்த, நான் ஒருமுறைகூட முகம் பார்த்திராத ஓர் இளைஞர், நான் எழுதுவதைக் குரலில் பதிந்து அனுப்பும், மலையூரான காந்தலூரைச் சேர்ந்த ஒரு பெண், பிறகு நான். காந்தலூர்ப் பெண் என்னைவிட இளையவள். வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்வாள். சுற்றுலாப் பயணிகள் வரும் மாதங்களில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையிலும் நிற்பாள். நான் எழுதி அனுப்பிய முதல் அறிவிப்பைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"யக்கா, இத நான் அப்படியே வாசிச்சா எங்கம்மா யாரோ செத்துப்போனாங்கன்னு நெனைக்கும்" என்றாள்.

நான் அதைத் திருத்தி எழுதினேன். மறுபடியும் திருத்தினேன். பெருமாட்டியிலும் காந்தலூரிலும் ஒருசேரப் புரிகிற தமிழ் எது என்று தேடியது, அந்த ஆண்டு நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பிடித்துச் செய்கிறேன் என்று சொன்னால், அதனால்தான் சம்பளம் இல்லை போலிருக்கிறது என்று கேட்டவர் நினைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலைகளில் நால்வரும் போனில் கூடுவோம். எலப்புள்ளிக்காரர் உற்சாகமாகப் பேசுவார். நமக்கு இப்போது ஒன்றும் வரவில்லை, ஆனால் நாம் ஒன்றைக் கட்டுகிறோம் என்பார். கமிட்மெண்ட் என்ற சொல்லை அவர் எழுத்து எழுத்தாக அழுத்திச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். என் முறை வரும்போது, முன்னதாகவே தயாரித்து வைத்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பேன். மற்றவர்களுக்குள் ஏதோ எரிந்துகொண்டிருப்பதாகவும், எனக்குள் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்றும் நினைத்து வெட்கப்பட்டேன். என்னோடு படித்தவர்கள் மாலையில் டியூஷன் எடுத்தார்கள், ஜவுளிக்கடையில் பில் போட்டார்கள். நான் போனுக்கு ரீசார்ஜ் செய்ய அம்மாவிடம் கேட்பேன்; அந்தப் போனில்தான் கம்பெனி வேலையைச் செய்வேன். நான் விலகாமல் இருந்ததற்குக் காரணம் ஊக்கம் என்று சொல்ல முடியாது. விலகுவதென்றால் மூன்று பேர் கேட்கப் பேச வேண்டும். தொடர்வதற்குப் பேச வேண்டியதில்லை.

அப்பா ஒருநாள் நேரடியாகக் கேட்டார். மாட்டுக்குத் தவிட்டைக் கரைத்துக்கொண்டே கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

"என்ன தர்றாங்க, கண்ணு?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்கப்பா. ஆரும் வாங்கறதில்லீங்க. எல்லாரும் எல்லாருக்காகவும் செய்யறமுங்க."

அவர் கொஞ்ச நேரம் தவிட்டைக் கலக்கினார். பிறகு முகம் தெளிந்தது. "அப்ப மாத்தாளுன்னு சொல்லு" என்றார்.

எங்கள் பக்கத்தில் அது உண்டு. அறுப்பும் பறிப்பும் எல்லாக் காட்டிலும் ஒரே நேரத்தில் வரும். கூலிக்கு ஆள் கிடைக்காது. அப்போது ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரின் காட்டுக்குப் போவார்கள். போன கையளவுக்கு அந்த வீட்டார் திரும்ப வருவார்கள். சோறு உண்டு, கூலி கிடையாது. கூலி வாங்கிவிட்டால் அது மாத்தாள் கணக்கில் சேராது. போன வீட்டிலிருந்து திரும்ப ஆள் வரவில்லை என்றால் சண்டை போட மாட்டார்கள். அந்த வீட்டுக்கு மறுபடி யாரும் போக மாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் கம்பெனியை அப்பா இப்படிப் புரிந்துகொண்டது எனக்கு அழகான உவமையாகப் பட்டது. "அந்த மாதிரித்தானுங்க" என்றேன். நான் அதை உவமை என்று எடுத்துக்கொண்டேன். அப்பா உவமைகளில் பேசுகிறவர் அல்லர்.

அந்தப் போகத்தில் எங்கள் காட்டில் கடலைக்காய் நன்றாக இறங்கியிருந்தது. மழை பெய்து ஓய்ந்ததும் பறித்துவிட வேண்டும். மண் காய்ந்து இறுகினால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே நின்றுவிடும். ஊரில் எல்லோருக்கும் அதே அவசரம். வடக்கத்தி ஆட்களை மினிலாரியில் கூட்டிவருபவர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நாளை மறுநாளுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். நமக்கு ஆள் இருக்கிறது என்றார். அவர் உள்ளே வந்து என்னிடம் சொன்னபோதுதான் அந்த ஆட்கள் யார் என்பது எனக்குத் தெரிந்தது.

"உன்ற கம்பெனிக்காரங்கள வரச்சொல்லு. மூணு பேரு. நாம மூணு பேரு. கெழக்காலக் காட்டு அக்கா ஊட்டுல ரெண்டு பேரு வர்றாங்க. போதும்."

அவர்கள் காட்டுவேலைக்கு வருகிறவர்கள் அல்லர் என்றேன். எலப்புள்ளிக்காரனுக்குக் காடு தெரியாதா என்றார். ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், ஒருத்தி காந்தலூர் மலையில் இருக்கிறாள் என்றேன். இவ்வளவு நாள் அவர்களுக்காக நீ உட்கார்ந்து எழுதினாயே, அப்போது தூரம் குறுக்கே வரவில்லையா என்றார். குரலை உயர்த்தவில்லை. கடைசியில் தெளிவாகச் சொன்னார்:

"கேட்டுப் பாரு. வந்தாங்கன்னா நீ எத்தன வருசம் வேணும்னாலும் அந்த வேலையச் செய்யி, நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். வரலீன்னா இதோட உட்டுரு. நம்மள ஏமாளின்னு நெனைக்கறவங்க கிட்ட நமக்கென்ன வேலை?"

அன்று நான் எழுதிய செய்திதான் நான் எழுதியவற்றிலேயே மிகக் கடினமானது. எங்கள் காட்டில் கடலைக்காய் பறிக்க வர முடியுமா என்பதை எப்படி எழுதினாலும் விளையாட்டாகவோ பிச்சையாகவோ தெரிந்தது. மாத்தாள் என்றால் என்ன என்று ஒரு பத்தி விளக்கம் எழுதினேன், அடிக்குறிப்பு போல இருந்தது, அழித்தேன். எழுதி அழித்து, கடைசியில் எங்கள் குழுவில் ஒரே வரியாக அனுப்பினேன். அனுப்பியபின் போனைக் குப்புற வைத்துவிட்டு மாட்டுத் தொழுவத்தைக் கூட்டப் போனேன். வழக்கமாக அது என் வேலை அல்ல.

திரும்பி வந்தபோது கோயம்புத்தூர்க்காரர் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தார். அதன் பொருள் வருகிறேனா வரவில்லையா என்று இன்றும் தெரியாது, அவர் வரவில்லை. காந்தலூர்ப் பெண், "எந்த பஸ்ஸுல யக்கா வரணும்?" என்று மட்டும் கேட்டிருந்தாள். எலப்புள்ளிக்காரர் சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. என்னால வர முடியாதுங்க. ரெண்டு ஆளுக்குக் கூலி நான் போன்ல போட்டு உட்டர்றேனுங்க."

பணமே இல்லாத கம்பெனியில் அவருக்கு ஏது பணம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். பழைய தொழிற்சாலையிலேயே மறுபடி ஷிப்டுக்குப் போகத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்குக் கடன்காரர் வந்தாராம். எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். "உங்களையெல்லாம் சும்மா வேல செய்யச் சொல்லிப்போட்டு, நான் மட்டும் சம்பளம் வாங்கறனேன்னு வெக்கமா இருந்துதுங்க. மத்தவங்களுக்குச் சொல்லிராதீங்க" என்றார்.

திங்கட்கிழமைகளில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்னுள் எரியாத ஒன்றுக்காக நான் தலைகுனிந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சம்பளம் வாங்காததற்காக வெட்கப்பட்ட அதே மாதங்களில் அவர் சம்பளம் வாங்குவதற்காக வெட்கப்பட்டிருக்கிறார். இருவரும் ஒரே போனில், ஒருவருக்கொருவர் உற்சாகம் சொல்லிக்கொண்டிருந்தோம். பணம் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்பாவிடம், அவரால் வர இயலாது, கூலி தருவதாகச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றது சொல்லக் கூடாதது.

"கூலி குடுக்க இருந்தா உனக்கே குடுத்திருக்கலாமே, கண்ணு" என்றார் அப்பா. அம்மா அடுப்படியில் பாத்திரத்தை எடுத்து வேறிடத்தில் வைத்தார்.

காந்தலூர்ப் பெண் மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மீனாட்சிபுரத்தில் வந்து இறங்கினாள். மலையிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து இங்கே. ஒரு பையில் மாற்றுத்துணி, இன்னொரு பையில் கேரட். அதுவரை போனில் மட்டும் கேட்டிருந்த குரலுக்கு இவ்வளவு குள்ளமான, ஓயாமல் சிரிக்கிற ஓர் உருவத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கை நிறைய மண் வேலை செய்த தழும்புகள். காலையில் அம்மாவிடம் ஒரு பழைய முழுக்கைச் சட்டை வாங்கிச் காட்டுவேலைக்கு வரும் பெண்களைப் போலவே மேலே போட்டுக்கொண்டு காட்டில் இறங்கினாள். நான் ஒரு வரிசை பறிப்பதற்குள் அவள் அடுத்த வரிசையின் பாதிக்குப் போய்விட்டாள்.

உச்சிவேளைக்குப் பிறகு வேப்பமரத்தடியில் அமர்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்தோம். கிழக்குக் காட்டு அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கையை நிறுத்தினார்.

"ஏம்புள்ள, தென்னைக்கு வண்டு வந்திருக்குதுன்னு எம்பட போன்ல பேசுனது நீயா?"

"நாந்தான் அத்தே. பேசுனது மட்டுந்தான் நானு. எழுதுனது இந்தா, இவுக" என்று காய்கள் நிறைந்த கையால் என்னைக் காட்டினாள்.

"இவளா? இவ ஊட்டுலயே வாயத் தொறக்க மாட்டாளே."

"அதான் அத்தே எங்கிட்ட குடுத்துட்டாக."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அக்கா, அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் மருந்து வைத்ததாகவும், குருத்து தப்பியதாகவும் சொன்னார். அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. நான் குனிந்து ஆய்ந்த செடியையே மறுபடி ஆய்ந்தேன். சம்பளமில்லாத வேலையை மறைத்து வைத்துப் பழகியவளுக்கு, அந்த வேலையால் ஒருவருக்கு நன்மை நடந்தது என்பதையும் மறைக்கவே தோன்றுகிறது.

இருட்டுவதற்குள் பறித்து முடித்துவிட்டோம். ஒரு மூலையில் மட்டும் ஆள் போதாமல் நின்றுபோய், அடுத்த நாள் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தபின் அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் தீர்ப்பு நியாயமானது. மூன்று பேரில் ஒருத்தி வந்தாள்; அந்த ஒருத்திக்கு நாம் ஒரு கை கடன்பட்டிருக்கிறோம். அவள் வீட்டுத் தோட்டத்துக்கு நீ போய் அதைத் தீர்த்துவிட்டு வா. அதன்பின் மற்றவர்களுக்கு நீ ஒன்றும் பட்டவள் அல்ல; விட்டுவிடலாம்.

சரியென்றேன். சொல்லத் தயங்கினாலும் உண்மை, அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விலகுவதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

சில வாரங்கள் கழித்துக் காந்தலூரில் பூண்டு எடுக்கும் பருவம் வந்தது. நான் போனேன். சின்னார் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பேருந்து மலையேறும்போது, விலகும் செய்தியை மனத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல வாக்கியங்கள் அமைந்தன. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. படிப்படியாக இறங்கும் அந்தச் சிறிய தோட்டத்தில் குளிர்ந்த மண்ணிலிருந்து பூண்டைப் பிடுங்கி, தாளோடு கட்டுக் கட்டாகக் கட்ட வேண்டும். என் கட்டுகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன. அவள் என் பின்னாலேயே வந்து, பேசிக்கொண்டே, அவற்றை இறுக்கிக் கட்டினாள். அடுத்த வாரத்துக்கு என்ன அறிவிப்பு என்று கேட்டாள். தன் அம்மாவும் அந்தக் குரல்செய்தியைத் தெருவெல்லாம் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். விடுதி வேலையைவிட அதுதான் தனக்கு வேலை மாதிரி இருக்கிறது என்றாள். நான் விலகினால் அவளுக்கு எழுதித்தர வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பகல் முழுவதும் யோசித்தேன். யாருமில்லை.

வேலை முடிந்து கைகால் கழுவியபோது அவளுடைய அம்மா வந்து என் கையில் கூலியை வைத்தார். நான் பின்வாங்கினேன். எங்கள் ஊரில் மாத்தாளுக்கு வந்தால் வாங்க மாட்டோம் என்று விளக்கினேன்.

"அது உங்கூரு வழக்கம்மா. இங்க வெயில்ல நின்ன பிள்ளைய வெறுங்கையோட அனுப்பமாட்டோம்" என்றார் அவர்.

"வாங்கிக்கக்கா. நம்ம கம்பெனில மொத சம்பளம் ஒனக்குத்தான்" என்றாள் அவள்.

அவர்கள் இருவருக்கும் அது வெறும் அன்பு. எனக்கு மட்டும்தான் அதன் மறுபக்கம் தெரியும். வாங்காமல் இறங்கி நடந்தால் கை தீர்ந்தது, நான் விலகலாம். வாங்கிவிட்டால் அது கூலிவேலை ஆகிவிடும். அவள் வந்துபோனது அப்படியே நிற்கும். நான் அவளுக்குப் பட்டவளாகவே இருப்பேன். வேலையை விட மனமில்லை என்று வாய் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. கையை நீட்டினேன்.

முகம் எரிந்தது. ஒரு காசு வாங்காமல் ஒரு மலைப்பேருந்தும் இரண்டு ஊர்ப்பேருந்தும் மாறி எங்கள் காட்டுக்கு வந்தவளின் தாயிடம் நான் கூலி வாங்கிக்கொண்டு நிற்கிறேன். ஏன் என்று சொன்னால், எதற்காக வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றி என்றுகூடச் சொல்லாமல் பேருந்தில் ஏறினேன்.

அப்பா வாசலில் காய்ந்த கடலைக்காயைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். கை தீர்ந்ததா என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. கூலி குடுத்தாங்க. வாங்கிட்டனுங்க."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுதான வாங்குன?"

"ஆமாங்க."

நெடுநேரம் என்னைப் பார்த்தார். என் காலடி மண்ணைத் தவிர வேறெங்கும் என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது, அவர் மறுபடி முறத்தை எடுத்த விதத்தில் தெரிந்தது.

"அந்தப் புள்ள அத்தன தூரம் வந்துச்சு" என்றார். பிறகு, "அப்ப இன்னும் பட்டுத்தான் இருக்கறோம்" என்றார். வேலையை விடும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. அன்றும் எடுக்கவில்லை, இன்றுவரையும் இல்லை.

உள்ளே திரும்பி அம்மாவிடம், "அவளுக்குச் சோத்தப் போடு. கூலி குடுக்கற எடத்துல சோறு போட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

சோறும் போட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.